நம்பர் பிளேட் தெரிகிறது... பக்கத்தில் நிற்கும் பேரன் தெரியவில்லை!

களத்துமேட்டில் நின்றுகொண்டு, எதிர்வீட்டு டிராக்டரின் நம்பர் பிளேட்டைச் சத்தமாகப் படித்தார் அவர். இடையில் சரியாக 25 மீட்டர். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய டேப்பை வைத்து ஒன்பது வயதுப் பேரன்தான் அளந்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தான்.

காலை ஒன்பது மணி. நல்ல வெயில். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எண் வரை படித்து முடித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. இந்தப் பரீட்சையில் தேறிவிட்டால் லைசென்ஸ் கையில் வந்த மாதிரி என்று ஊரில் சொல்லியிருந்தார்கள்.

பேரன் கைதட்டுவான் என்று எதிர்பார்த்தார். சத்தத்தையே காணோம்.

"எங்கடா போயிட்ட?"

"இங்கதான் தாத்தா நிக்கிறேன்."

குரல் இடப்பக்கம் நாலடி தூரத்திலிருந்து வந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் துண்டை இரண்டு கையாலும் பிடித்து, கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டு நின்றான் பேரன். தாத்தா படிக்க ஆரம்பித்ததிலிருந்து ஆட்டிக்கொண்டே இருந்தானாம்.

"நான் ஆட்டினது உனக்குத் தெரியலையா தாத்தா?"

"தெரிஞ்சுது, தெரிஞ்சுது" என்றார். பொய். பேரனும் அதை நம்பவில்லை.

அறுபதோடு முடியும் அட்டை

கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியத்தை ஒட்டிய சிற்றூர் அவருடையது. இரண்டு ஏக்கர் கரும்பு, ஒரு ஏக்கர் நெல். வெட்டிய கரும்பு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போகும். வீட்டு வாசலில் பழைய மாருதி ஆம்னி ஒன்று நிற்கும்.

அந்த ஆம்னியை ஊரில் யாரும் கார் என்று சொல்வதில்லை. 'நம்ம வண்டி' என்பார்கள். 108 ஆம்புலன்ஸ் தமிழகத்துக்கு வந்தது 2008-ல்தான். அதற்கு முன்பு ராத்திரியில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யாருக்குப் பிரசவ வலி கண்டாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சட்டையை மாட்டிக்கொண்டே வண்டியை எடுப்பார். ஒரு குழந்தை ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் வண்டியிலேயே பிறந்துவிட்டது. அந்தப் பையன் இப்போது மீசை வைத்துக்கொண்டு, அவரை எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போவான்.

இப்படிப்பட்டவருக்கு 60 வயது நெருங்கியது. திருக்கடையூர் போய் மணிவிழா நடத்த வேண்டும் என்று வீட்டில் பேச்சு ஓட, அவருக்கு மட்டும் வேறு கவலை. லைசென்ஸை 53 வயதில் புதுப்பித்தபோது 60 வயது வரைக்கும்தான் கொடுத்திருந்தார்கள். இன்றைய மோட்டார் வாகனச் சட்டப்படி 50 முதல் 55 வயதுக்குள் சொந்த வண்டி லைசென்ஸ் புதுப்பித்தால் அறுபதோடு முடிந்துவிடும். 55-ஐத் தாண்டியவர்களுக்கு ஐந்தைந்து ஆண்டுகள்தான். ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் 'படிவம் 1-ஏ' என்ற மருத்துவச் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு அது ஒரு காகிதம். அவருக்கு அப்படி இல்லை. நாலு வருடமாக அவருடைய மருத்துவக் கோப்பில் ஒரு வார்த்தை எழுதப்பட்டிருக்கிறது: குளுக்கோமா.

"கண்ணுக்கும் பிரஷர் வருமா?"

நாலு வருடத்துக்கு முன்பு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். கண்புரை இருந்த நாலு பெரியவர்களைத் தன் ஆம்னியில் ஏற்றிக்கொண்டு போனார். வந்ததுதான் வந்தோம் என்று தானும் வரிசையில் நின்றார். கண் அழுத்தம் பார்த்த பெண், எண்ணைக் குறித்துவிட்டு, "ஐயா, கொஞ்சம் அப்படி உக்காருங்க" என்றார். இடது கண்ணில் 32, வலது கண்ணில் 26. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டுமாம்.

"கண்ணுக்கும் பிரஷர் வருமா?" என்று கேட்டார். வரும் என்றார்கள்.

நம் கண்ணுக்குள் ஒரு தெளிவான நீர் எப்போதும் சுரந்துகொண்டே இருக்கும். சுரக்கும் நீர் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற வழியாக வடிந்தும்விடும். அந்த வழி அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம், கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். செத்த நரம்பு திரும்பி வராது. இதுதான் கண் நீர் அழுத்த நோய்.

இதில் பெரிய வம்பு என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்கு வலிக்காது, சிவக்காது, மங்கலாகவும் தெரியாது. முதலில் போவது ஓரப் பார்வை. நடுப் பார்வை கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பேப்பர் படிக்கிறோம், ஊசியில் நூல் கோக்கிறோம், நமக்கு ஒன்றுமில்லை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

தென் தமிழகக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2003-ல் வெளியானது. நூறில் 2.6 பேருக்கு ஏதோ ஒரு வகைக் குளுக்கோமா இருந்தது. இவற்றில் அதிகம் காணப்படும் 'திறந்த கோண' வகை இருந்தவர்களில் 93 சதவிகிதம் பேருக்கு அந்தப் பரிசோதனை வரைக்கும் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வகையில் அவர் அதிர்ஷ்டசாலி. ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை அவர் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை.

முதல் வருடம் சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டார். போட்டாலும் பார்வை கூடவில்லை, போடாவிட்டாலும் குறைந்த மாதிரி இல்லை. கரும்புப் பணம் தாமதமான ஒரு கோடையில் பாட்டில் தீர்ந்தது. அடுத்த வாரம் வாங்கலாம் என்று விட்டார். அந்த அடுத்த வாரம் வர ஒன்றரை வருடம் ஆனது.

"எழுத்தைப் படிச்சா போதும்ணே!"

லைசென்ஸ் விஷயமாகக் கள்ளக்குறிச்சிக்குப் போனபோது, டீக்கடையில் ஒருவர் தானாகவே வந்து பேசினார். இந்த மாதிரி வேலைகளை முடித்துக் கொடுப்பவர்.

"அறுபதாண்ணே? ஒண்ணும் கவலைப்படாதீங்க. நம்ம டாக்டர் ஒருத்தர் இருக்கார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்தைப் படிச்சா போதும். பத்து நிமிஷ வேலை."

"எனக்குக் கண்ணுல பிரஷர் இருக்குப்பா."

"அதை யாருண்ணே கேக்குறாங்க? நீங்களா சொல்லாம இருந்தா சரி."

அந்த ஆள் சொன்னதில் ஒரு பாதி உண்மைதான். படிவத்தில் என்ன கேட்கிறார்கள் என்று பேரனை விட்டுப் போனில் தேடிப் படிக்கச் சொன்னார். பார்வைக் குறை ஏதும் இருக்கிறதா, கண்ணாடியால் சரியாகிறதா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா? மாலைக்கண் உண்டா? காது கேட்கிறதா? இப்படித்தான் கேள்விகள் போகின்றன. பக்கவாட்டில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று தனியாக ஒரு கேள்வி இல்லை.

களத்துமேட்டில் பேரனை வைத்து நடத்திய ஒத்திகை இதற்காகத்தான். நம்பர் பிளேட்டில் தேறினார். மஞ்சள் துண்டில் தோற்றார்.

அப்படியும் அவர் அந்தத் தரகரிடமே போயிருப்பார். போகவிடாமல் தடுத்தது ஒரு சைக்கிள் மணி.

ஒரு முழம் தூரம்

ஒத்திகைக்கு இரண்டு வாரம் முன்பு நடந்தது அது. சாயங்காலம், பள்ளிக்கூடம் விடும் நேரம். ஆம்னியில் அவரும் மனைவியும் உரக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு. ஒரு மண்பாதை இடப்பக்கம் வந்து தார்ச்சாலையில் சேரும் இடம்.

"ஏங்க!" என்று மனைவி கத்தினார்.

பிரேக்கை மிதித்துவிட்டுத்தான் பார்த்தார். பம்பருக்கு ஒரு முழம் முன்னால், அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஒரு ப்ளஸ் ஒன் மாணவி. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மணி அடிச்சிக்கிட்டேதானே தாத்தா வந்தேன்!" என்றாள். அழுகையும் கோபமும் சேர்ந்த குரல். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மணிச்சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது. பெண்ணைத்தான் காணவில்லை. இருட்டாகவோ மறைப்பாகவோ ஏதும் இல்லை. சாலை, கரும்பு, வானம் எல்லாம் முழுசாகத்தான் தெரிந்தன. அந்தப் படத்தில் அவள் இல்லை, அவ்வளவுதான். அடுத்த நொடி இருந்தாள். கண் பார்க்காமல் விட்ட இடத்தை மூளை தானாகவே இட்டு நிரப்பிவிடும் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீடு வரும் வரை இருவரும் பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மனைவி அலமாரியைத் திறந்து, பழைய மருந்துச் சீட்டை எடுத்து மகனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் அந்த வாரக் கடைசியில் மருந்தோடு வந்தான். அன்றிலிருந்து மருந்து போடுவது அவர் பொறுப்பில் இல்லை. மனைவியே தலையை அண்ணாக்கப் பிடித்து, கண்ணை விரித்து, சொட்டு விட்டு, உள் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். "ரெண்டு நிமிஷம் ஆடாதீங்க" என்பார்.

அந்தச் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

மஞ்சள் துண்டு நாளன்று மத்தியானம் அவரே மனைவியிடம் சொன்னார். "லைசென்ஸுக்கு முன்னாடி ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்."

மூன்று பஸ், ஒரு மஞ்சப்பை

அவருக்கு மருத்துவம் பார்த்த கண் மருத்துவமனை புதுச்சேரியில் இருக்கிறது. ஊரிலிருந்து திருக்கோவிலூர், அங்கிருந்து விழுப்புரம், அங்கிருந்து புதுச்சேரி என்று மூன்று பஸ். இதுவரைக்கும் அந்தத் தடத்தில் அவர் போனதெல்லாம் ஆம்னியில், மற்றவர்களை ஏற்றிக்கொண்டுதான். போனில் கேட்டபோது மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கண் பாவையை விரிவாக்க மருந்து விடுவார்கள். அதற்குப் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். வண்டி ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. துணைக்கு ஆள் வேண்டும்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினார்கள். மனைவியின் மஞ்சப்பையில் பழைய ரிப்போர்ட்டுகள், இரண்டு சொட்டு மருந்து பாட்டில்கள், எட்டுமுழ வேட்டி ஒன்று, புளிசாதப் பொட்டலம். திருவிழாக் கடையில் பேரன் வாங்கிய கறுப்புக் கண்ணாடியும் உள்ளே இருந்தது.

"இதெதுக்கு?"

"திரும்பி வரையில கண்ணு கூசுமாம். போட்டுக்குங்க."

திருக்கோவிலூர் டவுன் பஸ்ஸில் அவருக்கு மட்டும்தான் டிக்கெட். பெண்களுக்கு இலவசம். "வண்டிக்கு டீசல் போட்டா எவ்வளவு, பாருங்க. எனக்கு ஒரு பைசா இல்லை" என்று மனைவி சிரித்தார். அது பெட்ரோல் வண்டி என்று திருத்தினார் அவர். அந்தக் காலை நேரத்தில் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட்டில் உட்கார்ந்திருந்தார். வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. தென்பெண்ணைப் பாலம் ஏறும்போது மனைவி அவர் முழங்காலில் கையை வைத்தார். "நீங்க ஓட்டலை. சும்மா உக்காருங்க."

கிண்ணத்துக்குள் மின்மினி

ஆஸ்பத்திரியில் முதலில் எழுத்துப் பலகை. வலது கண்ணில் கண்ணாடியோடு கடைசி வரி வரைக்கும் படித்தார். இடது கண்ணில் கடைசிக்கு முந்தைய வரி. பரிசோதித்த பெண், "சூப்பர் தாத்தா" என்றாள். 'சூப்பர்' பிடித்தது. 'தாத்தா' பிடிக்கவில்லை.

அதன் பிறகுதான் அவர் பயந்த பரிசோதனை. பார்வைப் பரப்பு எவ்வளவு என்று அளக்கும் சோதனை. இருட்டு அறையில், பெரிய வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு கருவி. தாடையை ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். நடுவிலிருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது மின்மினி மாதிரி வெளிச்சம் வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சத்தைத் தேடிக் கண்ணை ஓடவிடக் கூடாது.

தொடங்கியது. ஒன்று தெரிந்தது, அழுத்தினார். இன்னொன்று. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. கருவி மட்டும் உள்ளுக்குள் 'டிக் டிக்' என்று இடம் மாறிக்கொண்டிருந்தது. அது ஓடுகிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று புரிந்தது. உள்ளங்கை வியர்த்தது. தெரியாமலேயே ஒன்றிரண்டு முறை அழுத்தினார்.

"தாத்தா, தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க. நல்ல கண்ணு இருக்கிறவங்களுக்கே பாதி விளக்கு தெரியாது. அவ்வளவு மங்கலாத்தான் மிஷின் காட்டும். பயப்படாதீங்க, பரீட்சை இல்லை இது" என்றாள் அந்தப் பெண்.

முப்பது வருடமாக ஸ்டீயரிங் பிடித்த கை, அதற்குப் பிறகு பொய்யாக ஒருமுறைகூட அழுத்தவில்லை.

வெளியே வந்ததும் கையில் கொடுத்த தாளில் இரண்டு வட்டங்கள். வலது கண் வட்டத்தில் மூக்கின் பக்கம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. இடது கண் வட்டத்தில் நடுவில் ஓரிடம்தான் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. படிக்கத் தெரியாத மனைவி அந்தத் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கறுப்பா இருக்கிறதுதான் போனதா?" என்று கேட்டார். ஆமாம் என்றார்கள்.

"வண்டிதான் சின்னது. கண்ணு அதேதான்!"

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். விளக்கு வைத்து நரம்பைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, எழுத்துப் பலகையில நீங்க பாஸ். ஆனா ரோட்டுல வர்றவங்க எல்லாரும் நடுவுலயே வர மாட்டாங்க. உங்க இடது கண்ணுல நடுப்பகுதி மட்டும்தான் மிச்சம். வலது கண்ணு இடது பக்கமா கொஞ்சம் உதவி பண்ணிக்கிட்டு இருந்தது. அதுலயும் மூக்குப் பக்கம் குறைய ஆரம்பிச்சிருக்கு. ரெண்டும் சேந்து உங்களுக்கு இடப்பக்கம் தெரியறதில்லை."

அவர் சைக்கிள் பெண்ணைப் பற்றிச் சொன்னார். யாரிடமும் சொல்லாததை முதன்முறையாக, மனைவியைப் பார்க்காமல், டாக்டரிடம் சொன்னார். மண்பாதை, மணிச்சத்தம், ஒரு முழம் தூரம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இதைச் சொன்னீங்களே, ரொம்ப நல்லது" என்றார் டாக்டர்.

குளுக்கோமா வந்த எல்லோரும் வண்டியை விட வேண்டியதில்லை என்பதையும் அவர் விளக்கினார். ஆரம்ப நிலையில் இருப்பவர்கள், ஒரு கண்ணில் மட்டும் பாதிப்பு உள்ளவர்கள் பலர் மருந்து போட்டுக்கொண்டு, டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்வைப் பரப்பை அளந்துகொண்டு வண்டி ஓட்டுகிறார்கள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் இதற்கு ஓர் அளவே வைத்திருக்கிறார்கள். அங்கே நம்பர் பிளேட்டை 20 மீட்டரில் படித்தால் மட்டும் போதாது. இரண்டு கண்ணிலும் குளுக்கோமா என்றால் லைசென்ஸ் துறைக்குத் தாமாகவே தெரிவிக்க வேண்டும். அந்தத் துறையே பார்வைப் பரப்பை அளக்க ஏற்பாடு செய்யும். கிடைமட்டமாகக் குறைந்தது 120 டிகிரி தெரிய வேண்டும். நல்ல கண்கள் இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 180 டிகிரி தெரியும்.

"நம்ம ஊருல அப்படி அளவு கேக்கிறதில்லையேம்மா" என்றார் அவர். கடைசி முயற்சி.

"கேக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா ஐயா?"

பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "காடு கழனிக்கு டி.வி.எஸ். எக்ஸெல்லாவது?" என்றார்.

"வண்டிதான் சின்னது. கண்ணு அதேதான்."

ஆபரேஷன் செய்தால் போனது வருமா என்று மனைவி கேட்டார். வராது என்றார் டாக்டர். மருந்தோ, லேசரோ, ஆபரேஷனோ எதுவானாலும் இருப்பதைக் காப்பாற்றத்தான். "மருந்தை ஒருநாள்கூட விடாம போட்டா இருக்கிறதைப் பிடிச்சு வைக்கப் பாக்கலாம்." மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒன்றரை வருடத்தைப் பற்றி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம். மகனையும், அவருடைய தம்பி தங்கைகளையும் ஒருமுறை கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

திரும்பும்போது விழுப்புரம் பஸ் நிலையத்தில் எல்லா பஸ்ஸின் பெயர்ப் பலகையும் அவருக்கு வெள்ளையாய்க் கூசியது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனைவியின் முந்தானையைப் பிடித்தபடி நடந்தார். எழுதப் படிக்கத் தெரியாத மனைவி நாலு பேரிடம் கேட்டு, சரியான பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்தார். ஊரில் எத்தனையோ பேரை இப்படிக் கைப்பிடித்து ஏற்றி இறக்கியவர் அவர். அன்றைக்கு அவரை ஏற்றி இறக்கினார்கள்.

சாவி கை மாறியது

ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தேன் அபிஷேகத்தின்போது லிங்கத்தில் அம்பாளின் உருவம் தெரியும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. மனைவி வேண்டிக்கொண்டிருந்தார். அடுத்த பிரதோஷத்துக்குத் தேன் வாங்கிக்கொண்டு இருவரும் நடந்தே போனார்கள். தேன் வழியும்போது அவர் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சுதா?" என்றார் மனைவி.

"நல்லா தெரிஞ்சுது. சாமி நடுவுலதானே இருக்கு. ரோட்டுக்குத்தான் இது பத்தாது."

அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆம்னி சாவியை ஆணியிலிருந்து எடுத்து மருமகளிடம் நீட்டினார்.

மருமகள் முன்பே ஒருமுறை கேட்டிருந்தாள். "மாமா, நான் ஆம்னி கத்துக்கட்டுமா? ஸ்கூட்டி லைசென்ஸ்தான் இருக்கே" என்று. "இந்த வண்டி கியர் உனக்குப் பிடிபடாதும்மா" என்று தட்டிக் கழித்திருந்தார். இப்போது அவரே கூட்டிக்கொண்டு போய் எல்.எல்.ஆருக்குப் பதிவு செய்ய வைத்தார். அதே டீக்கடையில் அதே தரகர் இருந்தார். "என்னண்ணே, உங்க வேலையை முடிச்சிடலாமா?" என்றார். "வேணாம்பா. என் மருமகளுக்குத்தான். முறைப்படி பண்ணிக்கிறோம்" என்றார் அவர்.

பழகுபவர் பக்கத்தில் உட்காருபவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் அவர் கறாராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் ஓசூரிலிருந்து வந்தால்தான் வகுப்பு. முன்னால் மகனும் மருமகளும். முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டிய வண்டியில், பின் சீட்டில் அவரும் பேரனும்.

ஊரில் சிலர் இன்னும் ராத்திரியில் கதவைத் தட்டுகிறார்கள். போன வாரம் வந்தவருக்கு 108-க்குப் போன் செய்து கொடுத்துவிட்டு, வண்டி வரும் வரை வாசலில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். நாற்பது தாண்டியவர்கள் யார் வந்தாலும் ஒன்று சொல்கிறார். "கண்ணு நல்லா தெரியுதுன்னு இருந்துடாதீங்க. ஒருதடவை பிரஷர் பாத்துக்குங்க. பழைய ரிப்போர்ட், போடற மருந்து, கூட ஒரு ஆளு, இந்த மூணோட போங்க. வண்டியை வீட்டுல விட்டுட்டுப் போங்க. நோயைக் கேக்கலைன்னாலும் நீங்களா சொல்லுங்க."

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கரும்புக்கு நடுவே போகும் அந்தச் சாலைக்கு வண்டி வந்தது. மண்பாதை சேரும் இடத்துக்கு முன்னாலேயே அவர் குரல் கொடுத்தார்.

"மெதுவா போம்மா. கண்ணை மட்டும் ஓட்டாத, தலையைத் திருப்பி இடப்பக்கம் பாரு."

மருமகள் தலையைத் திருப்பினாள். பின் சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பேரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"ஒரு சைக்கிள் வருது தாத்தா."

"வரட்டும். அது போன பிறகு எடும்மா" என்றார்.